சயின்ஸ் பிளாக் ரெண்டாவது மாடி

அந்தப் போனை எத்தன தடவ திருப்பிப் புடிச்சாலும் கிடைக்காதுங்க சார். இன்னும் மூணு கிலோமீட்டருக்கு ஒண்ணும் வராது. இந்தக் கரண்டு எடுக்கற காத்தாடி வரிசை முடியோணும், அப்பறம் ஒரு நூல் மில்லு, அதத் தாண்டுனா ரெண்டு கோடு வரும். எனக்கு எப்படித் தெரியும்னா, அதுதானுங்க என் பொழப்பு. எங்க சிக்னல் வருது, எங்க வரல, ஏன் வரல. பதினேழு வருசம் ஒரு காலேஜுல அதத்தான் பாத்தேன். இப்பப் பாக்கறதில்ல. பாக்க விடல.

கோவமா பேசறேன்னு நெனைக்காதீங்க. கோவம்தான். ஆனா உங்க மேல இல்ல. நீங்க ஒறம்பரை வீட்டுக்கு, சொந்தபந்தத்தப் பாக்கப் போறவரு, பாவம், பஸ்ஸுல செவனேன்னு உக்காந்திருக்கீங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், நடந்ததை எல்லாரும் பாத்தாங்க, எல்லாரும் பேசுனாங்க, என்னைய ஒருத்தரு உக்கார வெச்சு, நாச்சிமுத்து, என்னய்யா நடந்துச்சுன்னு கேக்கலீங்க. ஒருத்தருகூட.

நாச்சிமுத்துன்னு பேருங்க. டிப்ளமோ. காலேஜுல பாத்தீங்கன்னா எல்லாரும் டாக்டர் பட்டம். நான் டிப்ளமோ. அதனால எனக்குப் பேரே இல்ல. "கம்ப்யூட்டர்காரரைக் கூப்புடு", "நெட்டுக்காரரு வந்தாரா", இப்படித்தான். பிரின்சிபால் ரூம்ல பிரின்ட்டர் ஓடலைன்னா நான் போவேன், குனிஞ்சு பாத்து சரி பண்ணிட்டு வருவேன், அவரு பேப்பர்லருந்து தலையத் தூக்க மாட்டாரு.

ரெண்டு வருசத்துக்கு முன்னால வெளியூர்லருந்து ஆய்வுக்குழு வரப்போகுதுன்னு கரஸ்பாண்டன்டுக்குத் திடீர்னு ஞானம் வந்துச்சு. காலேஜு பூரா வைஃபை வேணும், ஒரு எடம் விடக்கூடாதுன்னாரு. அதுக்கு முந்தி மொத்தமே பதினாலு தட்டுதானுங்க. தட்டுன்னா, மேல சீலிங்ல சோத்துத் தட்டைக் கவுத்து வெச்ச மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்குமே, சின்னதா ஒரு நீல லைட்டோட. அதுலருந்துதான் வைஃபை வருது. பதினாலை வெச்சுக்கிட்டு நாலாயிரம் பசங்க. சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு அசைன்மென்ட் அனுப்புவாங்க. லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரே ஒரு ஜன்னல்லதான் வரும், அந்த ஜன்னலுக்கு வரிசையில நிப்பாங்க.

கம்பெனிக்காரங்க ரெண்டு பேரு வந்து ஆபீஸ்ல உக்காந்து காபி குடிச்சுட்டு, நாப்பது தட்டு போதும்னு எழுதிக் குடுத்தாங்க. நான் ஒத்துக்கல. லேப்டாப்பைக் கையில ஏந்திக்கிட்டு பதினோரு நாள் நடந்தேனுங்க. ஒவ்வொரு ரூம், ஒவ்வொரு மூலை, கேன்டீன் பாத்திரம் கழுவற எடம்கூட. ஸ்கிரீன்ல கட்டடத்தோட படம் இருக்கும், நடக்க நடக்க நிறம் மாறும். நல்லா வந்தா பச்சை, சுமாரா வந்தா மஞ்சள், வரலைன்னா செவப்பு. கால்ல கொப்புளம் வந்து, கடைசி ரெண்டு நாள் செருப்பில்லாம நடந்தேன். எண்பத்தாறு தட்டு வேணும்னு எழுதிக் குடுத்தேன். போட்டோம். மாட்டி முடிச்சு மறுபடி நடந்து பாத்தா, படம் முழுக்கப் பச்சைங்க. நெல்லு வயலு மாதிரி. அத பிரின்ட் போட்டு என் ரூம் செவுத்துல ஒட்டுனேன்.

ஆண்டு விழாவுல கரஸ்பாண்டன்ட் மைக்கைப் புடிச்சு, "நம்ம நாச்சிமுத்து இல்லேன்னா இது நடந்திருக்காது"ன்னாரு. நம்ம நாச்சிமுத்து. வீட்டுக்காரி கோகிலா கூட வந்திருந்தா, அவ என் முழங்கையைப் புடிச்சுக்கிட்டா. அத்தன வருசத்துல மொத தடவ.

அதோட நான் சும்மா இருக்கலீங்க. புகாருக்குன்னு ஒரு பக்கம் ஆரம்பிச்சேன். பசங்க, டீச்சருங்க, யாரு வேணும்னாலும் அதுல எழுதலாம், ஒரு நம்பர் விழும், நான் பதில் போடுவேன். காலேஜு ஆபீஸ்ல ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா மூணு மாசம் ஆகும். என் பக்கத்துல சராசரி ஏழு நிமிஷம். ஏழே நிமிஷம் சார். எந்த காலேஜுல உண்டு சொல்லுங்க?

சரி, விசயத்துக்கு வர்றேன்.

சயின்ஸ் பிளாக் ரெண்டாவது மாடி கடைசில ஒரு குச்சு ரூமு. முந்தி வெளக்கமாறு, பினாயில் வெக்கறது. ஆறடிக்கு அஞ்சடி. ஜன்னல் கிடையாது. அங்கதான் அந்த மாடிக்கான பெட்டியை வெச்சேன். அந்தப் பெட்டிலருந்துதான் அந்த மாடியோட ஒம்பது தட்டுக்கும் கரண்டும் போகுது, நெட்டும் போகுது. பெட்டி நின்னா ஒம்பதும் செத்துப் போகும். மறுபடி போட்டா எந்திரிச்சு வர ஏழு நிமிஷம் ஆகும். செவுத்துல ஒரே ஒரு பிளக் பாயின்ட். நான் ரெண்டு கேட்டேன், யு.பி.எஸ். கேட்டேன். கரஸ்பாண்டன்ட் ரெண்டையும் மையில அடிச்சுட்டாரு. இத நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க. அடிச்சது அவரு.

ஜூலை மாசம் ஆரம்பிச்சுது. தெனமும் பதினொண்ணு பத்துக்கு அந்த மாடி செவப்பாகும். பதினொண்ணரைக்குப் பச்சையாகும். மறுபடி மூணு மணிக்கு ஒருக்கா. எனக்குத் தூக்கமே போச்சுங்க. எலின்னு நெனச்சேன், கேபிளை மாத்துனேன். பெட்டி பழுதுன்னு நெனச்சேன், கம்பெனிக்காரனோட சண்டை போட்டுப் புதுப் பெட்டி வாங்குனேன். எலெக்ட்ரீசியன் ரங்கன்கிட்ட லைன்ல கோளாறுன்னு கத்துனேன், அந்த ஆளு ரெண்டு நாள் எங்கூடப் பேசல. ஒரு மாசம் கணக்கெடுத்துப் பாத்தா ஒண்ணு புரிஞ்சுது. புதன்கிழமை மட்டும் போறதில்ல. எந்த மிசினுக்காவது புதன்கிழமை தெரியுமா சார்? மனுசனுக்குத்தான் தெரியும். யாரோ வேணும்னே பண்றாங்கன்னு முடிவு பண்ணுனேன்.

அப்பறம் அந்த வியாழக்கிழமை. பெரிய கம்பெனி ஒண்ணு, கடைசி வருசப் பசங்களுக்கு ஆன்லைன்ல பரீட்சை வெச்சாங்க. அறுபத்திரண்டு பேரு. காலைல லேப்ல கரண்டு கோளாறுன்னு கடைசி நேரத்துல சயின்ஸ் பிளாக் ரெண்டாவது மாடிக்கு மாத்திட்டாங்க, எனக்குத் தெரியாம. பதினோரு மணிக்கு ஆரம்பம். பதினொண்ணு பத்துக்கு எல்லாம் நின்னு போச்சு. நெட்டு மறுபடி வந்தப்ப இருபத்தேழு பேரை அந்தப் பரீட்சை சைட்டு உள்ள சேக்கல. ஒரு புள்ள மாடிப்படில உக்காந்து அழுதுச்சு. அப்பன் தறி ஓட்டறவராம். கம்பெனிக்காரங்க நிக்கறாங்க, பிரின்சிபால் நிக்கறாரு, கரஸ்பாண்டன்ட் எல்லாரு முன்னாலயும், "என்னய்யா கம்ப்யூட்டர்காரரே, இதுக்கா இத்தன செலவு"ன்னாரு.

கம்ப்யூட்டர்காரரே. பாத்தீங்களா? அன்னிக்கு என் பேரு போச்சு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் பதினோரு மணிக்கே போயி மாடிப்படி திருப்பத்துல நின்னேன். அட்டெண்டர் பழனாத்தாக்கா வெராண்டாவுல தண்ணி கேனைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்துச்சு. என்னையப் பாத்து, "என்ன தம்பி இங்க"ன்னுச்சு. தண்ணி ஒரு டம்ளர் குடிச்சேன். சரியா பதினொண்ணு பத்து, கையில இருந்த லேப்டாப்புல மாடி செவப்பாச்சு. ஓடுனேன். குச்சு ரூம் கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருக்குது. என்கிட்ட சாவி இருந்து என்ன பண்ண?

தட்டுனேன். "உள்ள யாரு?"

"ஒரு அஞ்சு நிமிஷங்க சார்." பொம்பளைக் கொரலு.

"அஞ்சு நிமிஷமா? மொதல்ல பிளக்கைப் போடுங்க! கதவத் தொறங்க!"

"இப்பத் தொறக்க முடியாதுங்க சார். தயவுசெஞ்சு போங்க. நான் அப்பறம் வந்து சொல்றேன்."

நீங்களா இருந்தா என்ன நெனைப்பீங்க? சொல்லுங்க. முந்துன மாசம் அந்த ரூம்லருந்து நாலு கேபிள் காணாமப் போயிருந்துச்சு. நான் உள்ளங்கையில தட்டுனேன், அப்பறம் சாவிக்கொத்துல தட்டுனேன். அந்த நேரம் பாத்து மணி அடிச்சு, கிளாஸ் விட்டு, பசங்க பூரா வெராண்டாவுக்கு வந்துட்டாங்க. வந்தவனுங்க போகல. சுத்தி நின்னுட்டானுங்க. பழனாத்தாக்கா ஓடியாந்து, "தம்பி, விடு, நாஞ்சொல்றேன் வா"ன்னு என் சட்டையப் புடிச்சு இழுத்துச்சு. நான் கைய ஒதறிட்டேன். அதுகிட்ட அந்த ரூம் சாவி இன்னொண்ணு இருக்குதுன்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. கூட்டுக் களவாணித்தனம்னு நெனச்சேன். கோவம் இன்னும் ஏறுச்சு.

கதவு தொறந்துச்சு. பூரணி மேடம். கெமிஸ்ட்ரி. கெஸ்ட் லெக்சரர், புதன்கிழமை தவிர மத்த நாள் தாராபுரத்துலருந்து ரெண்டு பஸ் மாறி வர்றவங்க. அதிகம் பேச மாட்டாங்க. நெத்தியெல்லாம் வேர்வை, சேலையத் தோள் மேல இழுத்துப் போத்திக்கிட்டு, ஒரு பையை நெஞ்சோட கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. என் மூஞ்சியப் பாக்கல.

"பையில என்னங்க மேடம்?"

"ஒண்ணுமில்லைங்க சார்."

"ஒண்ணுமில்லேன்னா காட்டுங்க."

"சார், வேண்டாங்க சார்."

நான் மேடத்து மேல கைய வெக்கலீங்க. அத நல்லாக் கேட்டுக்குங்க. பையத்தான் புடிச்சேன். புடிச்சேன், அவங்க விடல, நான் விடல, ஜிப்பு பிச்சுக்கிட்டு வந்திருச்சு. உள்ள இருந்து ஒரு சின்ன மிசினு விழுந்துச்சு, வொயரு, ட்யூபு, ஒரு பாட்டிலு. பாட்டில் மூடி சரியா மூடல போல. வெள்ளையா தரையில ஊத்திருச்சு. அவங்க கெமிஸ்ட்ரிங்களா, நான், "என்ன கெமிக்கல் இது? என்னத்தக் கொண்டுபோறீங்க?"ன்னு கத்திட்டேன்.

அத்தன பசங்க, ஒருத்தன் சிரிக்கக்கூட இல்ல.

பழனாத்தாக்காதான் சொல்லுச்சு. "பாலு தம்பி. கொழந்தைக்கு எடுத்து வெக்கற பாலு."

ஒரு புள்ள தன்னோட துப்பட்டாவ எடுத்து விரிச்சுப் புடிச்சுக்கிட்டு மேடத்துக்கு முன்னால வந்து நின்னுச்சு. மேடம் கீழ உக்காந்து அந்த மிசினைப் பொறுக்கறாங்க. நான் என்ன பண்ண? உள்ள போனேன், பிளக்கைச் சொருகுனேன். அதுதானே என் வேலை? ஏழு நிமிஷத்துல மாடி பச்சையாச்சு.

எவனோ ரெண்டாம் வருசப் பையன் எல்லாத்தையும் போன்ல எடுத்திருக்கான். அந்த மாடியில நின்னுக்கிட்டே நெட்டுல ஏத்தியிருக்கான். நான் பதிவுல பாத்தேன், முந்நூறு எம்.பி., அரை நிமிஷம்கூட ஆகல. அவ்வளவு வேகம். பழைய பதினாலு தட்டா இருந்திருந்தா அது போயே இருக்காதுங்க. இதச் சொன்னா என்னைய மொறைக்கறாங்க. உண்மையத்தானே சொல்றேன்?

சாயந்திரத்துக்குள்ள ஊரே பாத்துருச்சு. நான் வீட்டுக்குப் போறேன், கோகிலா வாசல்லயே நிக்கறா, கையில போனு.

"எத்தன நேரம் தட்டுனீங்க?"ன்னா.

மேடத்துக்கு என்னாச்சுன்னு கேக்கல, எனக்கு என்னாச்சுன்னு கேக்கல. எத்தன நேரம் தட்டுனீங்க.

"ஒரு ஆறு நிமிஷம் இருக்கும்"னேன்.

"ஆறு நிமிஷமும் தட்டுனீங்களா? நடுவுல நிறுத்தவே இல்லியா?"

"தொறக்கலைன்னா தட்டாம என்ன பண்ணுவாங்க?"

அவ போனை மேசை மேல கவுத்து வெச்சா. "நம்ம கவின் பொறந்து மூணாம் மாசம் நான் மில்லு ஆபீசுக்குத் திரும்பிப் போனனே"ன்னா. அதோட நிறுத்திட்டா. என்னடின்னு கேட்டேன். அதுக்கும் இதுக்கும் என்னன்னேன். அரிசி ஊறப்போடப் போயிட்டா. கவினுக்கு இப்ப வயசு பதினாலு. பதினாலு வருசத்துக்கு முன்னால நடந்ததை வெச்சு இப்ப எதுக்கு என்கிட்ட மொகத்தைத் திருப்போணும்? இன்னிக்கு வரைக்கும் சொல்லல. சோறு போடறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. அவ்வளவுதான்.

பூரணி மேடம் அப்பறம் வரல. பத்து நாள்ல விசாரணை. பிரின்சிபால், கரஸ்பாண்டன்ட், ரெண்டு எச்.ஓ.டி. நாலு நாக்காலி ஒரு பக்கம், ஒரு நாக்காலி ஒரு பக்கம். நான் என்ன சொன்னேன்? எனக்கு எப்படித் தெரியும்னேன். ரெண்டாவது மாடி லேடீஸ் ரூம்ல பிளக் பாயின்ட் இல்ல, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல, அந்தம்மா கொழந்தைய மூணு மாசத்துல விட்டுட்டு வேலைக்கு வந்தாங்க, கெஸ்ட் லெக்சரருக்கு லீவு கிடையாது, இதெல்லாம் எனக்கு யாரு சொன்னாங்கன்னேன்.

பிரின்சிபால் ஒரு பேப்பரை எடுத்தாரு. என்னோட புகார் பக்கத்துலருந்து பிரின்ட் எடுத்தது. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிச்சாரு.

"புகார் எண் இருநூத்திப் பன்னெண்டு. சயின்ஸ் பிளாக் இரண்டாவது மாடி பெண்கள் அறையில் ஒரு பிளக் பாயின்ட்டும் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் வேண்டும். அலுவலகத்தில் மூன்று முறை கடிதம் கொடுத்தேன். பதில் இல்லை. இந்தப் பக்கத்தில் எழுதினால் உடனே பதில் வரும் என்று சொன்னார்கள். இப்படிக்கு, பூரணி, வேதியியல்."

அப்பறம் என் பதிலைப் படிச்சாரு. "நெட்வொர்க் சம்பந்தப்பட்டது அல்ல. முடிக்கப்பட்டது."

"எத்தன நேரத்துல பதில் போட்டிருக்கீங்கன்னு போட்டிருக்குது பாருங்க"ன்னேன். நாலு நிமிஷம் சார்! நாலே நிமிஷத்துல பதில் போட்டிருக்கேன். ஆபீஸ்ல மூணு லெட்டர் கெடக்குது, ரெண்டு மாசமா ஒருத்தன் பிரிச்சுப் பாக்கல, அத வாங்கி வெச்சவங்க நாக்காலில உக்காந்துக்கிட்டு என்னைய விசாரிக்கறாங்க. நான் எந்திரிச்சு கேட்டுட்டேன். "ஐயா, அந்த மூணு லெட்டர் எங்கீங்க? அத யாரு படிச்சாங்க? ரெண்டாவது பிளக் பாயின்ட்டை அடிச்சது யாருங்க?" கரஸ்பாண்டன்ட் தண்ணி குடிச்சாரு. எச்.ஓ.டி. ரெண்டு பேரும் மேசையப் பாத்தாங்க. ஆனா தீர்ப்பு எனக்குத்தான் வந்துச்சு.

சம்பந்தப்பட்டது இல்லதானே சார்? வைஃபை பக்கத்துல வந்து தாழ்ப்பாள் கேட்டா நான் என்ன பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க.

பழனாத்தாக்கா வெளிய நின்னுக்கிட்டிருந்துச்சு. அதுக்கும் மெமோ, சாவி குடுத்ததுக்கு. நான் போயி, "அக்கா, ஏனக்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"ன்னேன். "எப்படித் தம்பி சொல்றது? அந்தப் புள்ள யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு கையப் புடிச்சுது. பிளக்கைப் புடுங்குனா உனக்கு என்ன ஆகும்னு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எடுத்ததைத் திருப்பிச் சொருகிட்டுத்தான் வரும்"னுச்சு. அப்பறம் கண்ணத் தொடச்சுக்கிட்டே, "ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸு வெச்சிருந்தா ரெண்டும் ஓடியிருக்குமே தம்பி"ன்னுச்சு.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸு! நெட்வொர்க் பெட்டிய எக்ஸ்டென்ஷன்ல மாட்டக்கூடாதுங்க. அது விதி. என் மேசைக்கடியில மூணு கெடந்துச்சு, புதுசு. இருந்தாலும் மாட்டக்கூடாது.

என்னைய ட்ரஸ்டோட மெட்ரிக் பள்ளிக்கூடத்துக்கு மாத்திட்டாங்க. காலேஜுலருந்து இதே ரோட்டுல இன்னும் எட்டு கிலோமீட்டர். ஸ்மார்ட் போர்டைத் தொடச்சு வெக்கறது, ஸ்பீக்கர் கட்டறது. அங்க மொத்தமே நாலு தட்டுங்க. அந்தக் குச்சு ரூம் என்னாச்சு தெரியுமா? பெட்டியக் கழட்டி மாடிப்படிக்கடியில வெச்சுட்டாங்க, தூசியில. ரூமுக்கு ரோஸ் பெயின்ட் அடிச்சு, தாய்மார் அறைன்னு போர்டு மாட்டி, கரஸ்பாண்டன்ட் சம்சாரம் ரிப்பன் வெட்டுனாங்க. பேப்பர்ல படம் வந்துச்சு. யாருக்கு? அந்த பிளாக்குல பால் குடுக்கற அம்மா பூரணி மேடம் ஒருத்தருதான். அவங்கதான் போயாச்சே. இப்ப அதுல ஒடஞ்ச பெஞ்சு போட்டுப் பூட்டி வெச்சிருக்காங்கன்னு பழனாத்தாக்கா போன்ல சொல்லுச்சு. இதுக்குக் கோவம் வருமா வராதா?

சித்தநேரம் இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

போன மாசம் பிரின்சிபால் கூப்புட்டு விட்டாரு. நான் இல்லாம நெட்டு ஓடல, ஓடாதுன்னு எனக்குத் தெரியும். "அந்தம்மா கையெழுத்துல, எனக்கு இவர் மேல வருத்தம் இல்லேன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, கரஸ்பாண்டன்ட்கிட்டப் பேசி உங்களைத் திரும்ப எடுத்துக்கலாம்"னாரு. நானே எழுதுனேன். ஒரு பக்கம். அன்றைய நிகழ்வில் எனக்கு எவ்வித மனவருத்தமும் இல்லை. திரு. நாச்சிமுத்து அவர்கள் தம் கடமையையே செய்தார். அப்படி. டைப் அடிச்சு எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை தாராபுரம் போனேன்.

போற வழி பூரா என்ன பேசறதுன்னு ரோசனை. அவங்க திட்டுனா என்ன சொல்றது, அவங்க வீட்டுக்காரரு அடிக்க வந்தா என்ன சொல்றதுன்னு எல்லாத்துக்கும் பதில் வெச்சிருந்தேன். ஒரு பிளக் பாயின்ட்டைத் தொடறதுக்கு முன்னால கேக்கோணுமா இல்லியான்னு நானும் கேப்பேன்னு இருந்தேன்.

வீட்டுக்காரரு லாரி ஆபீஸ்ல வேலை, அன்னிக்கு இல்ல. மேடத்தோட அம்மாதான் கதவத் தொறந்தாங்க. என்னைய அடையாளம் தெரிஞ்சுது. எல்லாருக்கும் தெரியுதுங்களே இப்ப. நாக்காலி எடுத்துப் போட்டாங்க. மேடம் பத்தாவதுப் பசங்க நாலு பேருக்கு டியூஷன் எடுத்துக்கிட்டிருந்தாங்க, அவங்கள உள் ரூமுக்கு அனுப்பிட்டு வந்து உக்காந்தாங்க.

"சொல்லுங்க சார்."

நான் லெட்டரைக் குடுத்தேன். படிச்சாங்க. பசங்க பேப்பர் திருத்தற மாதிரி, வெரலை வரி மேல வெச்சு, முழுசாப் படிச்சாங்க.

"பேனா இருக்குதுங்களா?"

"மேடம், படிச்சுப் பாத்துப் போடுங்க."

"படிச்சுட்டேனே சார்."

"அப்ப உங்களுக்கு மனவருத்தம் இல்லீங்களா?"

"அப்படித்தானே சார் எழுதியிருக்கீங்க"ன்னாங்க. கையெழுத்துப் போட்டாங்க. தேதி போட்டாங்க. பேனாவ மூடிக் குடுத்தாங்க.

திட்டலீங்க. ஒரு வார்த்தை திட்டலீங்க. நான் வெச்சிருந்த பதிலெல்லாம் அப்படியே வாய்க்குள்ள நிக்குது. அதுக்குள்ள கொழந்தை எந்திரிச்சு அழுதுச்சு. மேடம் உள்ள போனாங்க. அவங்கம்மா அலமாரிலருந்து பவுடர் டின்னை எடுத்து, சுடுதண்ணியில கலக்க ஆரம்பிச்சாங்க. கலக்கிக்கிட்டே, என்னையப் பாக்காம, "அந்த வாரத்தோட நின்னு போச்சுங்க. டாக்டர்கிட்டயும் காட்டுனோம்"னாங்க.

எது நின்னுச்சுன்னு நான் கேக்கல.

அதுக்கு நான் பொறுப்பா சார்? ஒடம்புன்னா ஆயிரம் காரணம் இருக்கும். அலைச்சல், சாப்பாடு, ரெண்டு பஸ் மாறி வர்றது. எந்த டாக்டராவது எழுதிக் குடுப்பாங்களா, ஒருத்தரு ஆறு நிமிஷம் கதவத் தட்டுனதுனாலன்னு? கோகிலாகிட்ட இதத்தான் கேட்டேன். அவ லெட்டரை வாங்கிப் படிச்சுட்டு, "கையெழுத்து வேற வாங்கிட்டு வந்துட்டீங்களா"ன்னா. அத்தோட சரி.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்த மேடம். நானும் ஒரு வார்த்தை பேசியிருப்பேன். முடிஞ்சிருக்கும். அதுதானுங்க எனக்குக் கோவம். எல்லாத்தையும் விட அதுதான் கோவம்.

லெட்டரா? இதோ, சட்டைப் பையிலதான் இருக்குது. பாருங்க, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருக்கேன், வேர்வையில நனையாம. ஒம்பது நாளாச்சு. பிரின்சிபால்கிட்டக் குடுத்தாப் போதும், அடுத்த திங்கக்கிழமை நான் என் ரூம்ல உக்காந்திருப்பேன்.

ஆ, காலேஜ் ஸ்டாப் வந்திருச்சு. அந்த நீல கேட்டுதான். உள்ள தெரியுதுங்களா, மூணு மாடிக் கட்டடம், அதுதான் சயின்ஸ் பிளாக்.

இல்லீங்க கண்டக்டரண்ணா, நான் இறங்கல. ரைட் குடுங்க.

ஏனுங்க சார் அப்படிப் பாக்கறீங்க? இன்னிக்கு முடியாதுங்க. பள்ளிக்கூடத்துல காலைலயே மைக் கட்டோணும். நான் டிக்கெட்டே பள்ளிக்கூடத்துக்குத்தான் எடுத்திருக்கேன்.